வாட்ச்மேனுக்கு 1,000 கூடினால் என் வீட்டுக்கு 550 கூடுமா?

கேள்வி: சார், பள்ளிக்கரணையில் 84 வீடுகள் உள்ள குடியிருப்பில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் சேர்த்து மாதம் 1,04,000 ரூபாய் கைக்கு வருகிறது. ஹோம் லோன் இஎம்ஐ 36,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடுவது) 10,000. எங்கள் குடியிருப்பில் ஆறு செக்யூரிட்டி, மூன்று ஹவுஸ்கீப்பிங் ஆட்கள். 'குறைந்தபட்ச ஊதியம் ஏறிவிட்டது, ஏஜென்சி ஆளுக்கு 1,000 ரூபாய் சம்பளம் கூட்டிவிட்டது' என்று சொல்லி மெயின்டனன்ஸை 3,400-லிருந்து 3,950 ஆக்கிவிட்டார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காவும் 500 கூடக் கேட்கிறார். எங்களுக்கு இந்த வருடம் இன்கிரிமென்ட் 5 சதவீதம்தான். கீழே இருப்பவர்களுக்கு ஏற்றும்போதெல்லாம் எங்களைப் போன்ற மிடில் கிளாஸ்தான் கட்ட வேண்டுமா? எஸ்ஐபியைக் குறைத்துவிடலாமா? எங்களோடு இருக்கும் நாத்தனார் ஒரு கிளினிக் ரிசப்ஷனில் 13,500 வாங்குகிறார். அவருக்கு இதில் ஏதாவது உண்டா?

பதில்: எஸ்ஐபியில் கை வைக்காதீர்கள். முதலில் அந்த 550 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். எனக்கு அதில்தான் சந்தேகம்.

அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து ஆளுக்கு 1,000 கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்சி அதன்மேல் பிஎஃப் 13 சதவீதம் போடும், அது 130. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 3.25 சதவீதம், சுமார் 33. போனஸ் 8.33 சதவீதம், 83. ஏஜென்சி கமிஷன் 8 சதவீதம் என்றால் இன்னும் 100. மொத்தத்தின் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். எல்லாம் கூட்டினால் ஆளுக்கு ஏறக்குறைய 1,590 ரூபாய். ஒன்பது பேருக்கு 14,310. அதை 84 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 170 ரூபாய். (அந்த வாட்ச்மேன் பங்குக்கு பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தது போக அவர் கைக்குப் போவது 870 சொச்சம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

செக்யூரிட்டி ஆட்கள் 12 மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவர்களாக இருக்கலாம். சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் பார்க்கும் வேலைக்கு இரட்டிப்புக் கூலி. நான்கு மணி நேர ஓவர்டைம் என்றால் ஒரு நாள் கூலி அப்படியே இரண்டு மடங்கு ஆகும். ஏஜென்சி அதை நேர்மையாகக் கொடுக்கிறது, ஆறு செக்யூரிட்டிக்கும் உயர்வு 1,000-க்குப் பதில் 2,000 என்றே எடுத்துக்கொண்டாலும் வீட்டுக்கு 285 ரூபாயைத் தாண்டாது. மிச்சம் 265 எதற்கு? லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), கழிவுநீர் சுத்திகரிப்பு, டீசல், தண்ணீர் லாரி என்று நியாயமான காரணம் இருக்கலாம். ஆனால் அதை வாட்ச்மேன் தலையில் கட்டக் கூடாது.

கமிட்டியிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று, ஏஜென்சியின் பழைய பில், புதிய பில். அதில் பிஎஃப் வரியைக் கவனியுங்கள். பிஎஃப் கட்டாயம் 15,000 ரூபாய் சம்பளம் வரைக்கும்தான்; 2014 முதல் அந்த வரம்பு மாறாமல் நின்றிருக்க, பல ஏஜென்சிகள் அதற்கு மேல் கட்டுவதில்லை. சம்பளம் ஏற்கெனவே அந்த வரம்பைத் தாண்டியிருந்தால் பிஎஃப் தொகை கூடவே கூடாது. பில்லில் மட்டும் கூடியிருந்தால் அந்தப் பணம் ஏஜென்சி பைக்குப் போகிறது. இரண்டாவது, ஏஜென்சி மாதாமாதம் பிஎஃப் அலுவலகத்துக்குத் தாக்கல் செய்யும் கணக்கான இசிஆர் நகல். யார் யார் பெயரில் எவ்வளவு பிஎஃப் கட்டினார்கள் என்பது அதில் ஆள்வாரியாக இருக்கும். ஆறு வாட்ச்மேனுக்குப் பணம் வாங்கி நான்கு பேருக்குக் கட்டும் கதையெல்லாம் இதில்தான் வெளிப்படும்.

வேலைக்கு வரும் அக்கா விஷயம் வேறு. தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்கும் மணிக்கணக்கில் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தது. அன்றைக்கு அது மணிக்கு 40 ரூபாய்க்கும் குறைவு. சென்னையில் யாரும் அதைப் பார்த்துச் சம்பளம் பேசுவதில்லை. பக்கத்து பிளாக்கில் என்ன கொடுக்கிறார்களோ அதுதான் ரேட். ஒன்றரை வருடமாக ஏற்றாமல் இருந்தால் 500 கொடுத்துவிடுங்கள். புது ஆளைத் தேடி அலையும் செலவு அதைவிட அதிகம்.

இனி உங்கள் பெரிய கேள்வி. 550-ம் 500-ம் சேர்ந்து 1,050. வருமானத்தில் ஒரு சதவீதம்தான், ஆனால் உங்கள் இன்கிரிமென்டில் ஐந்தில் ஒரு பங்கு. உங்களுக்கு உறுத்துவது அதுதான், அது நியாயமும்கூட. குறைந்தபட்ச ஊதியத்தில் அகவிலைப்படி உண்டு. விலைவாசிக் குறியீடு ஏறினால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு ஏப்ரலிலும் அது திருத்தப்படும். மத்திய அரசின் கீழ் வரும் தொழில்களுக்கு ஏப்ரல், அக்டோபர் என்று வருடம் இருமுறை. அரசு ஊழியருக்கும் அகவிலைப்படி (டிஏ) உண்டு. இரண்டுக்கும் நடுவில் தனியார் கம்பெனிச் சம்பளக்காரருக்குத்தான் அப்படி எதுவும் கிடையாது. மேனேஜர் மனது வைக்க வேண்டும்.

அதனால் கீழ்ப்படி மேலே வர வர இடைவெளி சுருங்குகிறது. 2024 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த விகிதத்தில், பெருநகரத்தில் ஆயுதமில்லாத காவலாளிக்கு நாளொன்றுக்கு 954 ரூபாய். 26 நாளுக்கு 24,804. இது உங்கள் குடியிருப்புக்குப் பொருந்தாது. மாநில விகிதம் இதைவிடக் குறைவு. இருந்தாலும் டிகிரி முடித்து 20,000-க்குச் சேரும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, மிடில் கிளாஸ் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பலர் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வாட்ச்மேன் சம்பளத்தை நிறுத்தி வைத்தால் அவர்கள் சம்பளம் ஏறிவிடாது.

உங்கள் நாத்தனாரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும்தான் குறைந்தபட்ச ஊதியம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு அதை எல்லா வேலைக்கும் விரித்திருக்கிறது. அவர் வேலைக்குத் தமிழக அரசு அறிவித்துள்ள இப்போதைய விகிதத்தைத் தொழிலாளர் துறை இணையதளத்தில் எடுத்து, பே ஸ்லிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பே ஸ்லிப்பே தரவில்லை என்றால் முதலில் அதைக் கேட்கட்டும். சம்பளம் அந்த விகிதத்தை எட்டாவிட்டால், மெயின்டனன்ஸில் போனது இந்த வழியில் வீட்டுக்குத் திரும்பி வர வாய்ப்பிருக்கிறது.

எஸ்ஐபிக்கு வருவோம். மாதம் 1,000 ரூபாயைக் குறைத்தால், 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் 15 வருடத்தில் சுமார் 5 லட்சம் கையை விட்டுப் போகும். 12 கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது; 9 கிடைத்தாலும் இழப்பு சின்னதில்லை. இன்கிரிமென்டில் வரும் ஐயாயிரத்தில் இந்த 1,050-ஐக் கழியுங்கள், ஒரு 1,500-ஐ எஸ்ஐபியில் ஏற்றுங்கள், மீதி வீட்டுச் செலவுக்கு. மெயின்டனன்ஸ், வேலைக்காரம்மா, ஸ்கூல் வேன் போல ஆள் உழைப்புக்கு நேராகப் பணம் கொடுக்கும் செலவுகளை மட்டும் தனியாக எழுதி, வருடா வருடம் 8 சதவீதம் ஏறும் என்று பட்ஜெட் போடுங்கள். அடுத்த ஏப்ரலிலும் அகவிலைப்படி மாறும், கமிட்டியும் மறுபடி சுற்றறிக்கை அனுப்பும்.