மோசடியும் மேற்பார்வையும்

அன்புள்ள ஐயா,

2008 ஆம் ஆண்டின் அமெரிக்க நிதி நெருக்கடிக்குச் சட்டத் தளர்வுகளே முதற்காரணம் என்று எழுதியிருந்தீர்கள். பேராசை பிடித்த சிலர் செய்த மோசடிக்கு அரசின் கொள்கையை எவ்வாறு குற்றஞ்சாட்டலாம்?

ச., கோண்டாவில்

அன்புள்ள ச.,

பேராசை 1950களிலும் இருந்தது. அப்போது இத்தகைய வீழ்ச்சி நிகழவில்லை. ஆகவே இடையில் மாறியது எது என்றே நாம் கேட்கவேண்டும்.

2000க்கும் 2007க்கும் இடையில் சுமார் 11,000 வீட்டு மதிப்பீட்டாளர்கள் கையொப்பமிட்ட மனுவொன்று வாஷிங்டனுக்குச் சென்றது. வீட்டின் விலையை உயர்த்தி எழுதும்படி கடன் நிறுவனங்கள் நெருக்குகின்றன, மறுப்பவர்களை ஒதுக்கி இணங்குவோருக்கே வேலை கொடுக்கின்றன என்பது அதன் சாரம். கடனுக்கு ஈடாக வைத்த வீட்டின் விலை பொய்யாக உயர்ந்தால் நட்டமடைய வேண்டியவர் கடன் கொடுத்தவரே. அப்படியிருந்தும் அவரே அந்தப் பொய்யைக் கேட்டு வாங்கியதற்குக் காரணம், கடன் பத்திரத்தை உடனே பிறருக்கு விற்றுவிட முடிந்ததும், நட்டம் வெளிப்படுமுன் ஊக்கத்தொகை அவர் கைக்கு வந்துவிட்டதும்தான். இவ்வாறான சந்தையில் நேர்மையானவர் தொழிலை இழக்கிறார், மோசடிக்காரர் வளர்கிறார். அடைமானக் கடன்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அமெரிக்க மத்திய வங்கிக்கு 1994 இலேயே வழங்கப்பட்டிருந்தது. விரிவான விதிகளை அது இயற்றியது 2008 இல்தான். சந்தை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையே இத்தாமதத்தின் வேர். 2000 இன் சட்டமொன்று கடன் திரும்பி வராவிட்டால் நட்டத்தை ஈடுசெய்யும், காப்பீடு போன்ற ஒப்பந்தங்களையும் மேற்பார்வைக்கு வெளியே நிறுத்தியது. அவற்றை அளவின்றி விற்ற ஏ.ஐ.ஜி. என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்துக்கு 2008 செப்டெம்பரில் 8,500 கோடி டொலர் அரச கடன் தேவைப்பட்டது.

தண்டனையும் மேற்பார்வையையே சார்ந்தது. 1980களின் அமெரிக்கச் சேமிப்பு வங்கி மோசடிகளில் மேற்பார்வையாளர்கள் கோவை கோவையாக ஆதாரங்களைக் கையளித்ததால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். 2008 இன் பின்னரோ பெருவங்கிகளின் தலைவர் எவரும் சிறை செல்லவில்லை.

எம் நாடான இலங்கையிலும் இதுவே நடந்தது. கோல்டன் கீ என்ற கடன் அட்டை நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதியின்றி வைப்புப் பெற்று 2008 இல் வீழ்ந்தது. எனக்கு அதனிலும் வருத்தம் தருவது வடக்கின் நிலை. போருக்குப் பின்னர் கிராமம் கிராமமாக வந்து சிறு கடன்கள் கொடுத்த நுண்கடன் நிறுவனங்களுக்கான சட்டம் 2016 இலேயே வந்தது. அதற்குள் ஒரு கடனின் வாரத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்கும் நிலைக்குப் பெண்கள் பலர் தள்ளப்பட்டிருந்தனர். அச்சட்டமும் வைப்புப் பெறும் நிறுவனங்களையே அனுமதிப்பத்திரத்துக்குள் கொண்டுவந்தது. கடன் மட்டும் கொடுப்போர் வெளியே நின்றனர். அந்த இடைவெளியில் நடந்தவற்றுக்குத் தனிமனிதப் பேராசையை மட்டும் காரணம் சொல்ல என்னால் முடியவில்லை.