தன்னியக்க வாகனத் தரிப்பிடப் பொறியியல்: களுவாஞ்சிக்குடித் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகள் உயர்தரம் கணிதப் பிரிவில் எழுதியிருக்கிறா, கார்களைத் தானாகத் தூக்கி அடுக்கும் தரிப்பிடங்களைச் செய்யும் பொறியியலாளராக வர விரும்புகிறா, மட்டக்களப்பில் அப்படி ஒன்றும் இல்லையே, படித்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டி வருமோ என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் இந்தத் துறையை உள்ளே இருந்து பார்த்தால் அந்தப் பயத்தில் பாதி குறைந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். தரிப்பிடப் பொறியியல் என்ற பெயரில் பட்டப்படிப்பைத் தேடாதீர்கள். பாரத்தைத் தூக்கும் இயந்திரம், அதை ஓட்டும் மோட்டரும் மின்சாரமும், எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும் புரோகிராம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இந்தத் தொழில். ஆஸ்பத்திரி லிஃப்ட், துறைமுகக் கிரேன், பெரிய களஞ்சியசாலை, சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலை எல்லாவற்றிலும் இதே மூன்றுதான் இருக்கின்றன. தரிப்பிட வேலை கிடைக்கத் தாமதித்தாலும் மகள் படித்தது வீணாகாது.

துறையும் புதிதல்ல. 1905இலேயே பாரிஸில் லிஃப்ட் வைத்துக் கார்களை மாடிக்கு ஏற்றிய கட்டடம் இருந்தது. ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க்கில் 48 மீற்றர் உயரக் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 400 கார்கள் நிற்கின்றன. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் நூலகக் கட்டடத்துக்குக் கீழே ஏறத்தாழ 1,000 கார்களுக்கான தரிப்பிடம் உண்டு. நம் நாட்டில் கொழும்பு பம்பலப்பிட்டியில் தன்னியக்கத் தரிப்பிடம் இருக்கிறது.

இந்த வேலையில் முதலில் வருவது இயந்திரம் அல்ல, கணக்கு. ஒரு லிஃப்ட், ஒரு காரை வெளியே எடுக்க 2 நிமிடம் என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு 30 கார். 120 கார் நிற்கும் அலுவலகத்தில் எல்லோரும் மாலை 5 மணிக்கு இறங்கினால், கடைசி ஆளின் கைக்குக் கார் வரும்போது இரவு 9 மணி. இரண்டு லிஃப்ட் போட்டாலும் 7 மணி. அதே கட்டடத்தைத் தொடர்மாடி வீடுகளுக்குக் கட்டினால் ஆட்கள் வெவ்வேறு நேரத்தில் வந்து போவார்கள், சிக்கல் இராது. நல்ல இயந்திரத்தைத் தவறான இடத்தில் பூட்டியதால் கெட்ட பெயர் வாங்கிய தரிப்பிடங்கள் பல. இந்தக் கணக்கைப் போட்டு, "இங்கே இது சரிவராது" என்று முதலாளியிடம் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல பொறியியலாளர்.

அடுத்தது மோட்டர். காரின் நிறை 2,500 கிலோ என்று வையுங்கள். எதிர்ப்பாரம், அதாவது கயிற்றின் மறுமுனையில் தொங்கும் பாரம், தூக்கும் மேடையின் நிறையோடு காரின் பாதி நிறையையும் சமன் செய்கிறது. மீதி 1,250 கிலோவைச் செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் தூக்க ஏறத்தாழ 6.1 கிலோவாற்று வேண்டும். பொறியமைப்பின் வினைத்திறன் 80 வீதம் என்றால் 7.7 கிலோவாற்று. கிளம்பும்போது வேகமெடுக்கவும் வலு தேவைப்படுவதால் 11 கிலோவாற்று மோட்டரைத் தெரிவு செய்வார்கள். உயர்தரப் பௌதிகவியலுக்கு மேல் இதில் எதுவும் இல்லை, மகளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மின்சாரக் கார்கள் பற்றரியால் கூடுதல் நிறை என்பதால் பழைய தரிப்பிடங்கள் பலவற்றில் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

கட்டுப்பாட்டுப் பக்கம்தான் ஆழமானது. இரண்டு அடுக்கு, மூன்று நிரல் கொண்ட சிறிய புதிர் வகைத் தரிப்பிடத்தை எடுப்போம். வெறுமையான ஓர் இடத்தை வைத்துக் கார்களை நகர்த்தி வழிவிடுவது இந்த வகை. மேலே 3 கார், கீழே 2 கார், கீழே ஓர் இடம் எப்போதும் வெறுமை. மேலே முதல் நிரலில் நிற்கும் கார் வேண்டுமென்றால் கீழே உள்ளவை பக்கவாட்டில் நகர்ந்து முதல் நிரலை வெறுமையாக்க வேண்டும். பிறகுதான் காரைத் தாங்கும் மேல் தட்டு இறங்கலாம். புரோகிராம் தன் நினைவில் உள்ளதை மட்டும் நம்பி இறக்கினால் ஒரு நாள் கார் மேல் கார் இருக்கும். "கீழே ஒன்றும் இல்லை" என்று சென்சர் அந்தக் கணத்தில் சொன்னால் மட்டுமே மோட்டர் ஓட வேண்டும். இறக்காத நேரத்தில் தட்டைக் கொக்கிகள் தாங்கி நிற்க வேண்டும், சங்கிலியை நம்பி விடக்கூடாது.

நடுவில் கரண்ட் போனால்? மோட்டரின் சுழற்சியை எண்ணி இடத்தைச் சொல்லும் கருவி என்கோடர். சாதாரண என்கோடர், தட்டு எங்கே நிற்கிறது என்பதை மறந்துவிடும். கரண்ட் வந்ததும் மெதுவாக ஆரம்பப் புள்ளிக்குப் போய்த் திரும்ப எண்ண வேண்டும். முழுநிலை என்கோடர் என்றால் உடனே சொல்லிவிடும், விலைதான் கூட. இந்த வித்தியாசம் தெரியாமல் விலைகுறைந்ததைப் பூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. அவசர நிறுத்தப் பொத்தானின் வயரும் சாதாரணமாக மூடியிருக்கும் தொடுகையில்தான், அதாவது எப்போதும் மின் ஓடிக்கொண்டிருந்து அழுத்தினால் அறும் இணைப்பில்தான், போக வேண்டும். அப்போதுதான் எலி வயரைக் கடித்தாலும் இயந்திரம் நிற்கும்.

எல்லாவற்றிலும் பெரியது, காரை விடும் அறையில் ஆள் யாரும் இல்லை என்று உறுதி செய்வது. பின் ஆசனத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒளித்திரை (ஒளிக்கதிரை யாராவது மறைத்தால் கண்டுபிடிப்பது), அசைவு சென்சர், ஓட்டுநர் வெளியே வந்து அழுத்தும் பொத்தான் என ஒன்றுக்கு மேற்பட்ட தடைகள் வைக்கப்படுவது இதனால்தான். ஐரோப்பாவில் இதற்கென்றே ஈஎன் 14010 என்ற பாதுகாப்பு நியமம் இருக்கிறது. இயந்திரக் கட்டுப்பாட்டின் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 13849. மகள் இந்த இரண்டு எண்களையும் இப்போதே அறிந்து வைத்திருப்பது நல்லது.

மென்பொருளாலும் தரிப்பிடம் முடங்கும். 2006இல் அமெரிக்காவின் ஹொபோக்கன் நகரில், நகரசபைக்கும் இயக்கிய நிறுவனத்துக்கும் மென்பொருள் உரிமம் பற்றிப் பிணக்கு வந்து கார்கள் சில நாட்கள் உள்ளேயே அகப்பட்டுக் கிடந்தன. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இல்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவைச் சுற்றி வாவி. அங்கே குழி தோண்டி அமைக்கும் வகையைப் போட்டால் மார்கழி மழையில் குழி நிறைந்து மோட்டர் மூழ்கும். நிலத்துக்கு மேலே மட்டும் நிற்கும் வகையே பொருந்தும். உப்புக்காற்று இணைப்பிகளை அரித்துவிடும் என்பதால் இரும்புக்கு நாகமுலாம் பூசி, மின்பெட்டிகளைத் தூசும் நீரும் புகாத தரத்தில் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டியலைப் பார்த்து அப்படியே கட்டுபவர்கள் இதில்தான் விழுவார்கள். இந்த மண்ணையும் மழையையும் அறிந்து வளர்ந்த பிள்ளைக்கு அது பலம்.

படிப்புப் பாதை: கணிதப் பிரிவில் இஸட் புள்ளி போதுமானால் பேராதனை, மொறட்டுவை, ருகுணு, யாழ்ப்பாணம் (பொறியியல் பீடம் கிளிநொச்சியில்), ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் நான்கு வருடப் பொறியியல் பட்டம் உண்டு. உங்கள் ஊரிலிருந்து ஒலுவில் கிட்ட. கிட்ட என்பதற்காக அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். இயந்திரவியல் அல்லது மின் மற்றும் இலத்திரனியல் பொறியியலைக் கேட்கச் சொல்லுங்கள். எதை எடுத்தாலும் கட்டுப்பாட்டுப் பொறியியல் பாடத்தை விடக்கூடாது, இறுதி வருடச் செயற்றிட்டத்தை மற்றத் துறை மாணவரோடு சேர்ந்து செய்வது நல்லது. பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறு. அதிலும் நல்ல வேலை உண்டு, ஆனால் பட்டயப் பொறியியலாளர் என்ற தொழில்முறை அங்கீகாரத் தகுதிக்கான நேர்ப் பாதை அதுவல்ல. வெட்டுப்புள்ளி தவறினால் திறந்த பல்கலைக்கழகம், அதுவும் சரிவராவிட்டால் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் அல்லது மெக்கட்ரோனிக்ஸ் (இயந்திரமும் இலத்திரனியலும் சேர்ந்தது) பாடத்தில் என்விக்யூ எனும் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டத்தை எடுத்து 5, 6 என்று ஏறலாம். லிஃப்ட் பராமரிப்பில் இவர்களுக்கு வேலை இருக்கிறது.

பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களை வீணாக்க வேண்டாம். இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு தொழிற்சாலைக் கணினியைப் பிஎல்சி என்பார்கள். அதற்குப் புரோகிராம் எழுதும் கோட்சிஸ் என்ற மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியில், எந்த உபகரணமும் வாங்காமல் புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். மேலே சொன்ன 5 கார் புதிரை ஏணிப் படம் போல வரைந்து எழுதும் லாடர் மொழியில் எழுதட்டும். அது ஓடியதும் ஒரு சென்சர் கெட்டதாக வைத்து, நடுவில் கரண்ட் போனதாக வைத்துச் சோதிக்கட்டும். பெரும்பாலும் முதல் தடவை கார் மேல் கார் விழும். அங்கேதான் படிப்பு தொடங்குகிறது. தெரிந்த அரிசி ஆலை இருந்தால், அனுமதி கேட்டு நெல் ஏற்றும் வாளி எலவேட்டரும் அதன் மோட்டர் பெட்டியும் எப்படி வேலை செய்கின்றன என்று எலெக்ட்ரீசியனோடு நின்று பார்க்கட்டும். பெட்டியைத் திறக்கும் முன் பிரதான சுவிட்சை நிறுத்திப் பூட்டுப் போட்டு, சாவியை எலெக்ட்ரீசியனே வைத்திருக்க வேண்டும்.

பெண்பிள்ளைக்கு ஏற்ற வேலையா என்றும் கேட்டிருந்தீர்கள். வடிவமைப்பும் புரோகிராமும் மேசையில் நடக்கும். பரீட்சித்து ஒப்படைக்கும் காலத்தில் கட்டடத்தில் இரவும் நிற்க வேண்டி வரும், ஏணி ஏற வேண்டி வரும். உயரத்துக்குப் பயம் என்றால் இப்போதே யோசிக்க வேண்டும். மற்றப்படி தூக்குவது மோட்டர்தான், கைப்பலம் தேவையில்லை.

கடைசியாக, "தன்னியக்கத் தரிப்பிட டிப்ளோமா, வெளிநாட்டு வேலை உத்தரவாதம்" என்று யாராவது காசு கேட்டால், அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று பாருங்கள். ஆய்வுகூடத்தில் உண்மையான பிஎல்சியும் மோட்டரும் ஓடுகிறதா என்று மகளையும் கூட்டிக்கொண்டு நேரே போய்ப் பாருங்கள். காட்ட மறுத்தால் காசைக் கட்டாமல் வந்துவிடுங்கள்.