ஆப்கன் பெண்களுக்காக வேலை செய்யணும் என்கிற மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். திருச்சியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் வங்கித் தேர்வுப் பேச்சையே காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆப்கானிஸ்தான் பெண்களுக்காக வேலை செய்யணும், அதுவும் தூதரகத்தில் செய்யணும் என்கிறாள். பல நாட்டுத் தூதரகங்கள் வெளியிடும் அறிக்கைகளைச் சேர்த்து ஒரு ஃபைலே போட்டு வைத்திருக்கிறாள். "இதெல்லாம் ஒரு வேலையா சார், இல்லை வயசு வேகமா? நாளைக்குக் காபூலுக்குக் கிளம்பிவிடுவாளோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான் அம்மா. சம்பளம், பதவி உயர்வு எல்லாம் உள்ள வேலை. எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதைச் சொல்வதற்கு முன், அந்த ஃபைலில் இருப்பது என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலைப் பிடித்தார்கள். அமெரிக்கத் தூதரகம் அந்த மாதக் கடைசியில் அங்கே கடையைக் கட்டிவிட்டு, கத்தாரின் தோகா நகரிலிருந்து வேலை செய்யத் தொடங்கியது. மற்ற மேலை நாடுகளும் வெளியேறின. ஆள் வெளியே வந்த பிறகும் இவர்களின் அறிவிப்புகள் நிற்கவில்லை. அவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சொந்த நாட்டு மக்களுக்கு: அங்கே போகாதீர்கள், இருந்தால் வெளியேறுங்கள், விசா விதி இப்படி மாறியிருக்கிறது என்று. இன்னொன்று, உலகத்துக்கும் தாலிபான்களுக்கும்: பெண்களைப் பள்ளிக்கு அனுப்புங்கள், வேலைக்கு விடுங்கள் என்று. உங்கள் மகள் சேர்த்து வைத்திருப்பதில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான் இருக்கும்.

அந்த அறிக்கைகளுக்குப் பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. 2022 மார்ச் 23 அன்று பெண் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி திறக்கும் என்று நம்பி சீருடை போட்டு வந்த மாணவிகளை, சில மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று பல்கலைக்கழகக் கதவும் மூடியது. நான்கு நாள் கழித்து, தொண்டு நிறுவனங்களில் பெண்கள் வேலை பார்க்கத் தடை. 2023 ஏப்ரலில் ஐ.நா. அலுவலகங்களிலும் ஆப்கன் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றார்கள். ஜூலையில் அழகு நிலையங்கள் போயின. 2024 டிசம்பரில், மிச்சமிருந்த செவிலியர், மருத்துவச்சிப் படிப்பும் போனது. ஒவ்வொரு உத்தரவும் வந்தபோது ஏதோ ஒரு தூதரகத்தில் ஓர் அதிகாரி அதன் தாரி மொழி மூலத்தைத் தேடி, உண்மையா என்று சரிபார்த்து, வரைவு எழுதி, தலைநகரில் ஒப்புதல் வாங்கி, மற்ற நாடுகளையும் கையெழுத்துக்கு இழுத்திருப்பார். அதுதான் இந்த வேலையின் அன்றாடம். மேஜை, கோப்பு, தொலைபேசி. ஊர்வலமோ கோஷமோ கிடையாது.

"அறிக்கை விட்டு என்ன ஆச்சு, பள்ளிக்கூடம் திறந்ததா?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. திறக்கவில்லை. உயர்நிலைக் கல்வி மறுக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 14 லட்சம் பேர் என்று யுனெஸ்கோ 2024-இல் சொன்னது. இதை உங்கள் மகளிடம் மறைக்காதீர்கள். உடனே பலன் கிடைக்கும் என்று நினைத்து இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இரண்டு வருடத்தில் நொந்துபோய்த் திரும்புகிறார்கள்.

ஆனால் அந்தக் காகிதங்கள் வீணும் இல்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஆப்கானிஸ்தான் 2003-இல் எந்த விலக்கும் கேட்காமல் சேர்ந்தது. அதன் 29-ஆம் பிரிவுப்படி, ஒரு நாடு உடன்படிக்கையை மீறினால் இன்னொரு நாடு முதலில் பேசிப் பார்க்க வேண்டும், அப்புறம் நடுவர் தீர்ப்புக்குக் கூப்பிட வேண்டும். ஆறு மாதத்தில் அதற்கும் வழி பிறக்காவிட்டால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் 2024 செப்டம்பரில் இந்தப் பாதையில் இறங்குவதாக அறிவித்தன. எப்போது எச்சரித்தோம், என்ன கேட்டோம் என்று காட்ட வேண்டிய நாளில் அந்தக் காகிதங்கள்தான் கைகொடுக்கும். தனி நபர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம். அது 2025 ஜூலை 8 அன்று தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை பிறப்பித்தது. பெண்களைப் பெண்கள் என்பதற்காகவே ஒடுக்கியதுதான் குற்றச்சாட்டு.

இதில் நம் நாடு பற்றி ஒரு விஷயம். அதே உடன்படிக்கையில் 1993-இல் சேர்ந்தபோது, அந்த 29-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு எங்களைக் கட்டுப்படுத்தாது என்று இந்தியா எழுதிக் கொடுத்துவிட்டது. அதனால் ஜெர்மனி எடுத்த பாதையை இந்தியா எடுக்க முடியாது. உங்கள் மகள் நாளை இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தால், இந்த எல்லைக்குள் நின்றுதான் வேலை செய்ய வேண்டியிருக்கும். அரசு ஊழியர் அரசின் கொள்கையைத்தான் பேச முடியும், தன் மனசில் இருப்பதை அல்ல. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்தபோது, ஆப்கன் தூதரகத்துக்குள் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர்களுக்கு அழைப்பில்லை. கண்டனம் எழுந்தது. எங்களுக்கு அதில் பங்கில்லை என்றது நம் வெளியுறவு அமைச்சகம். இரண்டு நாள் கழித்து நடந்த அடுத்த சந்திப்பில் பெண் நிருபர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, பெண் கல்வி பற்றியே கேட்டார்கள். அதே மாதம் காபூலில் இருந்த தன் தொழில்நுட்பக் குழுவை இந்தியா மறுபடி தூதரகமாக உயர்த்தியது. அந்த வாரம் அமைச்சகத்தில் இருந்த ஓர் இளம் பெண் அதிகாரியின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருக்க முடியும் என்று தோன்றினால் அரசுப் பணி. "என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது" என்று தோன்றினால் சட்டம், ஆய்வு, ஐ.நா., தொண்டு நிறுவனம் என்று வேறு வழிகள். இரண்டுமே மரியாதையான வழிகள்தான். இதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வதுதான் முக்கியம்.

இனி வாசல்கள்.

உங்களுக்குப் பாதுகாப்பான அரசு வேலை வேண்டும், அவளுக்குத் தூதரகம் வேண்டும். இரண்டும் சேரும் இடம் ஒன்று இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்காக நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் வெளியுறவு அமைச்சகத்தின் உதவிப் பிரிவு அலுவலர் பணியும் வருகிறது. அதில் சேர்ந்தால் டெல்லியிலும் வெளிநாட்டில் உள்ள நம் தூதரகங்களிலும் மாறி மாறி வேலை. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் கணக்கு, ரீசனிங், ஆங்கிலம் மூன்றும் இதற்கும் அப்படியே உதவும். ஆக, நீங்கள் சொன்னதைப் படிக்கிறேன் என்று அவளும் சொல்லலாம், அவள் கேட்டதைப் படிக்கவைக்கிறேன் என்று நீங்களும் சொல்லலாம்.

பெரிய வாசல் யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணி. ஏதாவது ஒரு பட்டம் போதும், 21 வயது ஆகியிருக்க வேண்டும். உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 32, பிற்படுத்தப்பட்டோருக்கு 35, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 37. முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் ஐ.எஃப்.எஸ். இடங்கள் மிகக் குறைவு. இதை மட்டுமே நம்பி ஐந்து வருடம் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். கையில் ஒரு வேலையோ ஒரு மேற்படிப்போ இருக்கும்போதே எழுதட்டும்.

நான் அதிகம் வற்புறுத்துவது மொழி. ஆப்கானிஸ்தானின் ஆட்சிமொழிகள் தாரியும் பஷ்தோவும். தாரி என்பது பாரசீகத்தின் ஆப்கன் வடிவம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபு, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. டெல்லி ஜே.என்.யு.வில் பாரசீகத்தோடு பஷ்தோவும் கற்றுத்தருகிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு வரும் வரை காத்திருக்காமல், ஓர் உத்தரவை வந்த அன்றே மூலத்தில் படித்து இரண்டு பக்கக் குறிப்பு எழுதித் தரக்கூடிய ஆள் எந்த நாட்டிலும் அதிகம் இல்லை. உங்கள் பெண்ணுக்கு ஆங்கிலம் கைவசம். அதோடு பாரசீகமும் சேர்ந்துவிட்டால் அமைச்சகம், ஆய்வு நிறுவனம், ஐ.நா. எங்கே போனாலும் அவளுக்கென்று ஓர் இடம் இருக்கும்.

சட்டம் என்றால், பட்டம் முடித்ததும் மூன்றாண்டு சட்டப் படிப்பு, பிறகு சர்வதேசச் சட்டத்தில் எல்.எல்.எம். மேலே சொன்ன 29-ஆம் பிரிவு மாதிரி விஷயத்தில் அவளுக்கு ருசி தட்டினால் இதுதான் வழி.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. செயலகத்தில் பயிற்சிக்கு எடுப்பார்கள், சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் தங்கும் செலவு நம் கைப்பணம். கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். சென்னையில் உள்ள வெளிநாட்டுத் துணைத் தூதரகங்களில் உள்ளூர்ப் பணியிடங்கள் அவ்வப்போது வரும், அவற்றின் அதிகாரபூர்வ இணையதளங்களிலேயே விளம்பரம் இருக்கும். எம்பஸியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

காபூல் பயத்துக்கு வருகிறேன். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2008-இல் காபூலில் நம் தூதரக வாசலில் குண்டு வெடித்து, நம் தூதரக அதிகாரி உட்பட 58 பேர் இறந்தார்கள். ஆனால் ஆப்கன் பெண்களுக்கான ராஜதந்திர வேலையில் பெரும்பகுதி இன்று நடப்பது தோகா, நியூயார்க், ஜெனீவா, தி ஹேக் நகரங்களில். வியன்னாவில் மனிஜா பக்தாரி என்ற ஆப்கன் தூதர் இருக்கிறார். அவரை அனுப்பிய அரசே 2021-இல் விழுந்துவிட்டது. தாலிபான்கள் நீக்க முயன்றும் அவர் நாற்காலியை விடவில்லை. பழைய குடியரசின் தூதராகவே இருந்துகொண்டு, ஆப்கானிஸ்தானுக்குள் பெண் பிள்ளைகள் படிக்க உதவும் ஒரு திட்டத்தையும் நடத்துகிறார். உங்கள் மகளின் ஃபைலில் இவர் பெயர் கட்டாயம் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கல்யாணம் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சி.பி. முத்தம்மா குடகுக்காரர், சென்னையில் மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1949-இல் ஐ.எஃப்.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண் அவர்தான். பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் விதியே இருந்தது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார், 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகச் சாடினார். இன்று குடும்பத்தோடு வெளிநாட்டில் பணியாற்றும் பெண் அதிகாரிகள் நிறையப் பேர். வரன் பார்ப்பதை அவள் படிப்பு முடியும் வரை தள்ளிப்போடுங்கள், அது போதும்.

இப்போதைக்கு அவளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2681-ஆம் தீர்மானத்தை எடுக்கச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 27 அன்று, ஐ.நா.வில் ஆப்கன் பெண்கள் வேலை செய்யத் தடை விதித்ததைக் கண்டித்து, 15 நாடுகளும் ஒருமனதாக நிறைவேற்றியது. அதை வரைந்தவை ஐக்கிய அரபு அமீரகமும் ஜப்பானும். ஒரு முஸ்லிம் நாடு ஏன் அந்தப் பேனாவைப் பிடித்தது, ரஷ்யாவும் சீனாவும் ஏன் குறுக்கே நிற்கவில்லை, அதற்கு அடுத்த ஆண்டு தாலிபான்கள் வந்து உட்கார்ந்த தோகா கூட்டத்தில் ஆப்கன் பெண்களுக்கு ஏன் இடமில்லாமல் போனது என்று யோசிக்கட்டும். தூதரகத்தில் இளநிலை அதிகாரியாக இருந்தால் தன் தூதருக்கு என்ன யோசனை சொல்வாள் என்று இரண்டு பக்கத்தில் எழுதட்டும். உணர்ச்சி வேண்டாம், காரணம் வேண்டும்.

அந்த இரண்டு பக்கத்தையும், அவளுடைய மதிப்பெண் பட்டியலையும் செமஸ்டர் லீவுக்குள் எனக்கு அனுப்புங்கள். சட்டமா, பாரசீகமா, சி.ஜி.எல்.லா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசிவிடலாம். அவளுடைய அப்பாவையும் கூட்டி வாருங்கள்.