விற்பனை ஏறுகிறது, பணம் நிற்கவில்லை: இப்போது கன்சல்டன்ட்டைக் கூப்பிடலாமா?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: சென்னையில் குடும்பமாக நடத்தும் உற்பத்தி நிறுவனம். அறுபது பேர் வேலை செய்கிறார்கள். விற்பனை ஏறுகிறது, மாதக் கடைசியில் கையில் பணம் இல்லை. வெளியிலிருந்து ஒரு பிசினஸ் கன்சல்டன்ட்டைக் கொண்டுவரலாம் என்கிறார் மைத்துனர். எப்போது கொண்டுவருவது சரி?

நான் கன்சல்டன்ட் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பிளான்ட் மேனேஜர். கன்சல்டன்ட் வந்தால் டீ சொல்லிவிட்டு, அவர் கேட்கிற கணக்கையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற ஆள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்கு இப்போதே வேண்டாம். 'பணம் நிற்கவில்லை' என்று மட்டும் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டால், முதல் மாதம் முழுக்க உங்கள் டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இருப்பதையே எடுத்து, கலர் கலராகப் படம் போட்டு உங்களிடமே காட்டுவார். அதற்கு ஃபீஸ், ஃபீஸுக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஜிஎஸ்டியை கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம், சரி. போன மாதத்தை எதில் எடுப்பது?

முதலில் ஒரு சனிக்கிழமை அக்கவுண்டன்ட்டையும் ஆடிட்டரையும் உட்கார வையுங்கள். யார் யார் எத்தனை நாளாகப் பணம் தரவில்லை, ஸ்டோரில் அசையாமல் கிடக்கும் சரக்கு எவ்வளவு, எந்தப் பார்ட்டை நஷ்டத்துக்கு ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். விற்பனை ஏறும்போது பணம் காணாமல் போவது பெரும்பாலும் முதல் இரண்டில்தான். ஆர்டர் கூடக் கூட ஸ்டீலுக்கு முன்கூட்டியே பணம் கட்டுகிறோம், கஸ்டமர் தொண்ணூறு நாள் கழித்துத் தருகிறார்.

2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொரு பிடியும் வந்திருக்கிறது. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கிற வருடத்தில்தான் வாங்குபவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும்தான். ஆனால் மார்ச் மாதம் நெருங்கினால் அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் ஆளே போன் போட்டு உத்யம் நம்பர் கேட்பார். பழைய பாக்கியைப் பேச அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கஸ்டமர் 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனி என்றால் ட்ரெட்ஸ் என்ற, பில்லை வைத்துப் பணம் வாங்க உதவும் ஆன்லைன் தளத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது விதி. அங்கே இன்வாய்ஸை டிஸ்கவுன்ட் செய்து, அதாவது வட்டியைக் கழித்துக்கொண்டு, முன்னாலேயே பணம் வாங்க முடியுமா என்று கேளுங்கள். இதற்கெல்லாம் வெளியாள் வேண்டாம்.

அப்புறம் எதற்குத்தான் வேண்டும்? எங்கள் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் 200 டன் பிரஸ் ஒன்று உண்டு. டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றினால் அரை ஷிப்ட் போய்விடும். மெஷின் பழசு, புதுசு வாங்கினால்தான் ஆகும் என்பது மேலே எல்லோருடைய முடிவு. கோட்டேஷன் வாங்கி பேங்க்கில்கூடக் கொடுத்தாயிற்று. அந்த நேரத்தில் வந்த கன்சல்டன்ட் ஆபீஸ் பக்கமே வராமல் ஸ்டாப்வாட்ச்சோடு பிரஸ் பக்கத்தில் போய் நின்றார். டையைக் கழற்றி மாட்டுகிற நேரம் கொஞ்சம்தான். கிரேன் அடுத்த லைனில் மாட்டிக்கொண்டிருக்கும். கிளாம்ப் போல்ட் ஒவ்வொரு டைக்கும் ஒரு நீளம், அதைத் தேடுவார்கள். எல்லாம் முடிந்து முதல் பீஸ் அடித்தால், அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய க்யூசி பையன் கேன்டீனில் இருப்பான். போல்ட்டை எல்லா டைக்கும் ஒரே நீளமாக்கி, அடுத்த டையையும் சாமான்களையும் மெஷின் ஓடும்போதே பக்கத்தில் கொண்டுவந்து வைத்தோம். நேரம் பாதிக்கும் கீழே வந்தது. புது மெஷின் பேச்சு அதோடு நின்றது.

இதில் அவர் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவுமில்லை. 'போல்ட்டுக்குத்தான் சார் ஷெட்டெல்லாம் அலையறேன்' என்று டை மாட்டும் எங்கள் செட்டர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். உள்ளூர் மாடு உள்ளூரில் விலை போகாது. ஆனாலும் கொடுத்த காசு வீண் என்று சொல்ல மாட்டேன். செட்டர் சொன்னால் அது புலம்பல், ஸ்டாப்வாட்ச் பிடித்து எழுதிக் கொடுத்தால் அது கணக்கு. எம்.டி. கணக்கைத்தான் நம்பினார். டையைச் சீக்கிரம் மாற்றும் இந்த முறைக்குப் பேர்போன ஜப்பானிய இன்ஜினியர் ஷிகியோ ஷிங்கோவும் டொயோட்டாவுக்கு வெளியாள்தான். அங்கே நாலு மணி நேரம் பிடித்த 1000 டன் பிரஸ் செட்டிங்கை, 1969-இல் முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும் பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்.

ஆக, என்னைக் கேட்டால் இரண்டே நிலைமைதான். ஒன்று, உள்ளே யாரும் செய்து பழகாத வேலை, அதுவும் ஒரு முறைதான் தேவைப்படும். கஸ்டமர் ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்றிதழ் கேட்கிறார், ஸ்டோர், பர்ச்சேஸ், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி சாஃப்ட்வேர் போட வேண்டும், ஒரகடத்தில் இரண்டாவது யூனிட் தொடங்க வேண்டும் என்பது போல. இதற்கு ஆளை நிரந்தரமாகச் சம்பளத்துக்கு எடுப்பது நட்டம்.

இன்னொன்று, எல்லோருக்கும் தெரியும், யாராலும் சொல்ல முடியாது. குடும்பக் கம்பெனியில் இதுதான் பெரிது. பர்ச்சேஸில் பெரியவருடைய மச்சான் இருப்பார். பக்கத்து ஷெட்டைவிட நாம் ஸ்டீலைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறோம் என்பது டிரைவருக்குக்கூடத் தெரியும். மகன் அப்பாவிடம் சொன்னால், 'மாமா மேல பழி போடறியா' என்று வீட்டில் சாப்பாடு நிற்கும். சம்பளக்காரன் சொன்னால் வேலை நிற்கும். வெளியாள் மூன்று சப்ளையரின் கோட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யார் பெயரையும் சொல்லாமல் காட்டிவிட்டுப் போகலாம். அதற்குக் கொடுக்கும் ஃபீஸ் எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது கம்பெனிக்கு மதிப்புப் போட வெளியாள் வருவதும் இதே காரணத்தால்தான்.

ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்த மட்டும் கூப்பிடாதீர்கள். ஆட்குறைப்பு செய்யப் போகிறீர்கள் என்றால் நீங்களே சொல்லுங்கள். வெளியாள் வாயால் சொல்ல வைத்தால் ஷெட்டுக்கே தெரிந்துவிடும். சம்பளம் போடவே திணறுகிற மாதத்திலும் வேண்டாம். வாரத்தில் அரை நாள் அவரோடு உட்கார முதலாளிக்கு நேரமில்லை என்றாலும் வேண்டாம், ரிப்போர்ட் பீரோவில் தூங்கும்.

கூப்பிடுவது என்று முடிவானால், பேச வருகிறவரே தினமும் வருவாரா என்று கேளுங்கள். நரைத்த தலை வந்து பேசும், கையெழுத்தானதும் போன வருடம் படிப்பு முடித்த தம்பி லேப்டாப்போடு வருவார். பழைய கிளையன்ட் நம்பர் கேட்டால், வேலை முடிந்து ஒரு வருடமாவது ஆன கிளையன்ட்டாகக் கேளுங்கள். அவர் போன பிறகும் அந்த முறை ஓடுகிறதா என்பதுதான் விஷயம். ஃபீஸைப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். ஷாப் ஃப்ளோர் வேலைக்கு என்றால், 2023 மார்ச்சில் புதுப்பித்துத் தொடங்கிய மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் (உற்பத்தியில் வீணாவதைக் குறைக்கும் முறை) திட்டத்தில் கன்சல்டன்ட் செலவில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. கிண்டி எம்எஸ்எம்இ அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அப்புறம் தனியாரிடம் போங்கள்.

உங்கள் மைத்துனர் எந்தத் துறையைப் பார்க்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பர்ச்சேஸ் இல்லையே? சும்மா கேட்டேன். கன்சல்டன்ட்டிடம் கேட்க வேண்டியதை ஒரே வரியில், நீங்கள் தனியாகவும் அவர் தனியாகவும் எழுதுங்கள். இரண்டும் ஒத்து வந்தால் ஆள் தேடலாம். ஒத்து வராவிட்டால் முதலில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள், அதற்கு ஜிஎஸ்டி கிடையாது.