சேறாகிப் போன கோபுரம்

கேள்வி: எனக்கு 56 வயது. ஓய்வு பெற்றபின், ஞாயிறு காலைகளில் மயிலாப்பூர்க் குளக்கரையில் கூடும் ஒரு வாட்டர்கலர் குழுவில் சேர்ந்தேன். பத்துப் பேர் இருப்போம். வரைவோம், காபி குடிப்போம், பேசுவோம். யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. ஆனால் கடைசியில் படங்களை வரிசையாக வைக்கும்போது என் கோபுரம் மட்டும் சேறு பூசியதுபோல் இருக்கிறது. குறுகிப் போகிறேன். வீட்டிலேயே யூடியூப் பார்த்துக் கொஞ்சம் தேறிவிட்டு, பிறகு போகலாமா?
— வாசகி, தாம்பரம்

பதில்: போவதை நிறுத்தாதீர்கள், அம்மா. வரும் ஞாயிறும் போங்கள்.

வாட்டர்கலரில் பாதி வேலை தண்ணீருடையது. தாளில் எவ்வளவு ஈரம் இருக்கும்போது அடுத்த வண்ணத்தை வைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்தக் கணக்கு ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். வறண்ட காற்றுள்ள ஏதோ ஓர் ஊரில் எடுத்த வீடியோவில் சட்டென்று காயும் வானம், நம் ஐப்பசி மழையில் காயவே காயாது. சித்திரை வெயிலிலோ தூரிகையை மறுபடி தோய்ப்பதற்குள் காய்ந்துவிடும். அதே குளக்கரையில், அதே காற்றில் உட்கார்ந்திருப்பவரின் கையைப் பார்த்தால்தான் அது பிடிபடும். அவர் முடித்த படத்தைப் பார்த்து ஏங்க வேண்டாம். அவர் எப்போது சும்மா இருக்கிறார் என்று பாருங்கள். நன்றாக வரைகிறவர்கள் நிறைய நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். உங்கள் குழுவின் காபிக்கும் பேச்சுக்கும் இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது!

சேறு ஏன் வருகிறது? பாதி காய்ந்த பூச்சின் மேல் மறுபடி தேய்ப்பதால் வருகிறது. மூன்று நான்கு வண்ணங்களை ஒன்றாகக் குழைப்பதாலும் வருகிறது. புறங்கையைத் தாளின் மேல் மெல்ல வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, தொடாதீர்கள். நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலமும், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் போதும். இரண்டும் சேர்ந்தால் அருமையான சாம்பல் நிறம் வரும். நீலம் கூடினால் அது குளிர்ந்த நிழல், சியன்னா கூடினால் வெயில் பட்ட சுவரின் நிழல். கறுப்புக் குழாயை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தாளையும் கவனியுங்கள். மெல்லிய டிராயிங் தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்து, வண்ணம் பள்ளத்தில் தேங்கிவிடும். அது உங்கள் கைக்குறை இல்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள கெட்டியான பருத்தித் தாள் விலை அதிகம்தான். ஆனால் 22க்கு 30 அங்குல முழுத் தாள் ஒன்றை எட்டாகக் கிழித்தால் எட்டு ஞாயிறுக்கு வரும்.

இனி கோபுரம். அத்தனை சுதைச் சிற்பங்களையும் ஒவ்வொன்றாக வரையப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறோம், நானும் செய்தேன். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சிற்பங்கள் மறைந்து, வெயில் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று என இரண்டே துண்டுகள் தெரியும். முழுக் கோபுரத்துக்கும் வெளிர் மஞ்சள் காவியை ஒரே பூச்சாகக் கொடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு நிழல் பக்கத்துக்கு அந்தச் சாம்பலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் கொண்டுவாருங்கள். விளிம்பில் நாலைந்து புள்ளிகள் போதும், மிச்சச் சிற்பங்களைப் பார்க்கிறவர் கண்ணே போட்டுக்கொள்ளும்.

சேர்ந்து வரைவதை ஆரம்பக்காரர்களுக்கான ஊன்றுகோல் என்று எண்ணாதீர்கள். இளமையில் கேரள நிலக்காட்சிகளை வாட்டர்கலரில் தீட்டிய கே.சி.எஸ். பணிக்கர், பின்னாளில் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தவர். அவர்தான் 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் ஓவியர்களைக் கூட்டிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். தேர்ந்த கைகளே பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்ய விரும்பின.

படங்களை வரிசையாக வைக்கும்போது உங்களுடையதை ஓரத்தில் ஒளிக்காமல் நடுவில் வையுங்கள். "இந்த இடம் சேறாகிவிட்டது, நீங்கள் எப்போது கை வைத்தீர்கள்?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். குறை சொல்லாத குழுவில் கேட்டால்தான் பதில் வரும்.

இன்னொன்று. மாடவீதியில் நிற்கும் ஆட்டோவின் மஞ்சளை முதலிலேயே போட்டுவிடுங்கள். வாட்டர்கலரில் இருட்டின் மேல் வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது. அந்த மஞ்சளைக் காயவைத்து, அதைச் சுற்றித் தெருவின் நிழலைப் பூசுங்கள். அடுத்த படத்தை எனக்கும் அனுப்புங்கள், அம்மா.