'செலக்டிவ்' என்றால் எந்தப் பயிருக்கு?

கேள்வி: ஐயா, மானாவாரிக் காட்டில் மக்காச்சோளம் விதைத்து, ஊடே உளுந்து போடப்போகிறேன். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. அட்ரசின் என்ற களைக்கொல்லியைக் காட்டி, "இது செலக்டிவ் மருந்து, பயிரை ஒண்ணும் செய்யாது" என்கிறார் மருந்துக் கடைக்காரர். செலக்டிவ் என்றால் என்ன? நம்பி அடிக்கலாமா?
– வாசகர், வேப்பந்தட்டை, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: அடிக்காதீர்கள் தம்பி. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொன்னார். செலக்டிவ் மருந்து என்றால் சில செடிகளைக் கொன்று, சிலவற்றை விட்டுவிடும். எந்தச் செடியை விடும் என்பதுதான் கேள்வி. டப்பாவில் எந்தப் பயிரின் பெயர் போட்டிருக்கிறதோ, அந்தப் பயிருக்குத்தான் அது செலக்டிவ்.

அட்ரசின் வேர் வழியாக ஏறி, இலையில் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும். மக்காச்சோளத்துக்குள்ளும் ஏறத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பயிர் மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே விஷமில்லாத பொருளாக மாற்றிவிடும். உளுந்துக்கு அந்த வித்தை தெரியாது. முளைத்து நன்றாகத்தான் இருக்கும்; பிறகு அடி இலையின் ஓரம் மஞ்சளாகி, காய்ந்து, செடியே போய்விடும். அடுத்த போகம் பயறோ காய்கறியோ வைப்பதாக இருந்தாலும் மண்ணில் மிச்சமிருக்கும் அட்ரசின் தொல்லை கொடுக்கலாம்.

சரி, உளுந்துக்கென்று விற்கும் குயிசலோபாப் அடிக்கலாமே என்று தோன்றும். அது புல்வகையை மட்டும் கொல்லும், உளுந்தைத் தொடாது. மக்காச்சோளமும் புல்வகைதானே! களையோடு சேர்ந்து அதுவும் போகும். 2,4-டி இதற்கு நேர் எதிர். அகன்ற இலைச் செடிகளை முறுக்கிக் கொல்லும், புல்வகையை விட்டுவிடும். உங்கள் பக்கம் பருத்தி அதிகம் என்பதால் சொல்கிறேன்: காற்றில் வரும் சாரல் பட்டாலே போதும், பருத்தியின் கொழுந்து இலை வெண்டை இலைபோல் விரல் விரலாகப் பிரிந்து சுருங்கும். சரியாகக் கழுவாத டேங்க்கில் பருத்திக்குப் பூச்சிமருந்து கலக்கினாலும் இதே கதிதான். 'கூடக் கொஞ்சம் ஊற்றினால் நன்றாகக் கேட்கும்' என்ற பழக்கமும் வேண்டாம். அளவு மீறினால் தாங்குகிற பயிரும் தாங்காது.

உங்கள் காட்டுக்கு ஏற்றது பெண்டிமெத்தலின் 30 ஈ.சி. என்ற களைக்கொல்லி (ஈ.சி. என்றால் தண்ணீரில் பால்போல் கலக்கும் திரவ மருந்து). விதைத்து மூன்று நாளுக்குள், களை முளைக்கும் முன், மண்ணில் ஈரம் இருக்கும்போது ஏக்கருக்கு 1 லிட்டரை 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, விசிறி நாசிலில் பின்னோக்கி நடந்தபடி அடியுங்கள். தெளித்த இடத்தை மிதிக்கக் கூடாது. இது மேல்மண்ணில் படலமாகத் தங்கி, அங்கே முளைக்கும் சிறு விதைகளை முடக்கும். மக்காச்சோளம் தப்புவதற்குப் பெரும்பாலும் ஆழம்தான் காரணம். அதனால் விதை நாலு சென்டிமீட்டராவது உள்ளே விழ வேண்டும். மேலோட்டமாக விழுந்து மண் மூடாமல் கிடக்கும் விதைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

களை முளைத்த பிறகு, இரண்டு பயிருக்கும் ஒத்துவரும் மருந்தைத் தேடி அலைய வேண்டாம். 25ஆம் நாள் வாக்கில் ஒரு கைக்களை எடுத்துவிடுங்கள். கூலியை மிச்சம் பிடிக்கத்தான் கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. அந்த ஒரு களைக்கு மட்டும் ஆள் சொல்லி வையுங்கள்.