ஆமை முட்டையிடும்போது படம் எடுப்பது பற்றி

உங்கள் வீட்டுப் புல்வெளிக்கு முட்டையிட வரும் ஆமையைப் படமெடுக்கக் கிட்டே போனாலே அது தோண்டுவதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது, தூரத்திலிருந்து எடுத்தால் வெறும் ஓடுதான் தெரிகிறது என்கிறீர்கள். நீங்கள் கிட்டே போகும் நேரம்தான் சிக்கல் என்று நினைக்கிறேன். இடம் தேடும்போதும் குழி தோண்டும்போதும் அது ரொம்ப உஷாராக இருக்கும்; சின்ன அசைவு போதும், எழுந்து போய்விடும். முட்டையிட ஆரம்பித்த பிறகு பெரும்பாலும் பாதியில் விட்டுப் போகாது. அதுவரை ஜன்னலுக்குப் பின்னாலேயே இருங்கள்.

அப்புறம் பின்பக்கமாக, தரையோடு தரையாக மெதுவாக நகர்ந்து, சில மீட்டர் தள்ளியே நின்றுவிடுங்கள். தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் 300 மி.மீ. லென்ஸ் இருந்தால் அதற்கு மேல் நெருங்கத் தேவையே இல்லை. நின்றபடி எடுத்தால் ஓடு மட்டும்தான் வரும். கேமராவைப் புல் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டிலிருந்து கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். மாலை வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றுங்கள், படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

செல்ஃபோன்தான் என்றால், போன தடவை தோண்டிய இடத்துக்குப் பக்கத்தில் முன்கூட்டியே வைத்து வீடியோ ஓடவிடுங்கள். பெரும்பாலும் அதே பகுதிக்குத்தான் திரும்ப வரும்.

முட்டையைப் படமெடுக்கக் குழியைக் கிளறாதீர்கள். புரட்டினால் உள்ளே வளரும் கரு செத்துப்போகலாம்.